ஏரோப்ளேன் காசு: மதராஸ் மாகாணப் படைப்பிரிவும் சில தோல் குறிப்புகளும்

புதுத் தோலைப் பழசாக்குவது தனி வேலை. ஆட்டுத்தோலுக்கு நிறம் ஏற்றி, மேல்பூச்சு அடித்து, பிறகு அதே பூச்சை அங்கங்கே தேய்த்து எடுத்து, முழங்கை மடங்குகிற இடம், காலர் மடிப்பு, பாக்கெட் ஓரம் எல்லாம் ஒருத்தன் நாற்பது வருஷம் போட்டுப் பழகினது மாதிரி ஆக்க வேண்டும். ஆம்பூரில் ஃபினிஷிங் பகுதியில் இருந்த வருஷங்களில் இதைக் கொஞ்சம் செய்திருக்கிறேன். மாதிரிக்கு வந்தது அமெரிக்கக் கடற்படை விமானிகள் போட்ட ஆட்டுத்தோல் ஜாக்கெட். எதுக்குப் புதுசைப் பழசாக்கச் சொல்றாங்க என்று கேட்டதற்கு மேஸ்திரி சொன்னார்: "அங்க பழைய சண்டை ஏரோப்ளேன ரிப்பேர் பண்ற கூட்டம் ஒண்ணு இருக்குதாம்பா. சம்பளம் இல்லாமயே செய்யுதாம். அதுங்க போட்டுக்கறதுக்கு."

சம்பளம் இல்லாமல் என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவர்களின் பிள்ளைகளும் பேரன்களும்தான் அங்கே இருந்தோம். சம்பளம் வாங்காமல் ஒருத்தன் எட்டு மணி நேரம் அலுமினியத் தகட்டில் ஆணி அடிப்பான் என்பதை நம்புவதற்கு எங்களிடம் அனுபவம் ஏதும் இல்லை. அந்தச் சிரிப்பை நான் ரொம்ப நாள் அறியாமை என்றே நினைத்திருந்தேன். பிறகுதான் அதில் ஒரு விமர்சனமும் இருக்கிறது என்று பட்டது. இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பிலிருந்து தொடங்குகிறது.

என் தாத்தா ஒரு வார்த்தை சொல்வார்: "ஏரோப்ளேன் காசு." கூலியில் ஏதாவது பிடித்தால், கோயிலுக்கோ யூனியனுக்கோ எதுவானாலும், "இதுவும் ஏரோப்ளேன் காசுதானா?" என்பார். பறந்து போய்விடும் காசு என்று வீட்டில் நாங்களே அர்த்தம் செய்துகொண்டோம். 1940-இல் மதராஸ் மாகாணம் முழுக்க யுத்த நிதி வசூல் நடந்தது என்றும், அந்தக் காசுக்கு ஈடாக பிரிட்டிஷ் விமானப் படையின் மூன்று ஸ்குவாட்ரன்கள் 'மதராஸ் மாகாணம்' என்ற பெயரைத் தாங்கின என்றும் படித்தபோதுதான் அந்த வார்த்தைக்கு நேரான பொருள் உண்டு என்று தெரிந்தது. 79, 234, 264 என்பன அவற்றின் எண்கள். வடாற்காட்டுத் தோல் குழியிலிருந்து இங்கிலீஷ் கால்வாய்க்கு மேலே பறந்த விமானம் வரைக்கும் ஒரு கோடு இருக்கிறது. என் கையில் இருக்கும் ஆவணம் ஒரு கிழவரின் கிண்டல் வார்த்தை மட்டுமே. ஆனாலும் அது ஆவணம்தான்.

1940 மே மாதம் பீவர்புரூக் பிரபு இங்கிலாந்தில் விமான உற்பத்தி மந்திரியானார். பத்திரிகை முதலாளி, விளம்பரம் தெரிந்தவர். வீட்டுப் பெண்கள் அலுமினியப் பானை சட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தால் அதை உருக்கி ஸ்பிட்ஃபயர் செய்வோம் என்று அந்தக் கோடையில் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. ஒரு சண்டை விமானத்துக்கு 5000 பவுன் என்று விலையும் வைத்தார்கள். அது கணக்குக்காக வைத்த விலை. உண்மையான செலவு அதைவிட அதிகம். 5000 பவுன் கொடுத்தால் கொடுத்தவர் சொல்கிற பெயரை விமானத்தின் மூக்கருகே எழுதுவார்கள். மொத்தமாகப் பெரிய தொகை வந்தால் ஒரு ஸ்குவாட்ரனுக்கே பெயர். நைஜாம் முதல் யுத்தத்திலேயே வழி காட்டியிருந்தார்: 1918-இல் 110-ஆம் ஸ்குவாட்ரனின் விமானங்கள் அவர் காசில் வந்தவை, ஒவ்வொன்றிலும் அவர் பேர். இரண்டாம் யுத்தத்தில் மைசூர் சமஸ்தானத்துப் பெயரோடு 129-ஆம் ஸ்குவாட்ரன் இருந்தது. அதன் சின்னத்தில் கண்டபேருண்டப் பறவையே உட்கார்ந்தது.

மைசூருக்கும் ஹைதராபாத்துக்கும் கொடுத்தவர் யார் என்பதில் சந்தேகமில்லை, ராஜா கொடுத்தார். மதராஸ் மாகாணம் என்றால் யார்? கஞ்சத்துக்குப் பக்கத்திலிருந்து மலபார் வரைக்கும் பரந்த ஒரு நிர்வாகப் பகுதி அது. 1939 அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்த பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட யாரும் அதன் சார்பில் பேசவில்லை. கவர்னர் ஆர்தர் ஹோப்பின் ஆட்சிதான் பேசியது. வரி வசூலிக்கிற அதே வருவாய்த் துறை, அதே கலெக்டர், தாசில்தார், மணியக்காரர், கர்ணம் வழியாக 'மனமுவந்த' நன்கொடை கேட்டால் அதில் மனம் எங்கே இருக்கிறது, உவப்பு எங்கே இருக்கிறது? நிதி வசூலில் கட்டாயம் நடக்கிறது என்று காங்கிரஸ் அப்போதே குற்றம் சாட்டியது. 1940 அக்டோபரில் காந்தி தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தின் முழக்கமே ஆளாலோ பணத்தாலோ பிரிட்டிஷ் யுத்தத்துக்கு உதவுவது தவறு என்பதுதான். பணத்தாலோ என்ற அந்தச் சொல் சும்மா வந்து சேர்ந்ததல்ல.

அந்தச் சத்தியாக்கிரகிகளின் பட்டியலோடு காந்தியைப் பார்க்க வார்தாவுக்குப் போகும் வழியில் கைதான காமராஜரை வேலூர்ச் சிறையில்தான் வைத்தார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே 1941-இல் விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு பக்கம் பணம் கொடுக்காதே என்று சொன்னவர்கள் வேலூரில் கம்பிக்குப் பின்னால். இன்னொரு பக்கம் அதே மாகாணத்தின் பெயர் இங்கிலாந்து ஆகாயத்தில்.

இத்தோடு நிறுத்தினால் இது வழக்கமான தேசியக் கதையாடலாகிவிடும். விஷயம் அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. பெரியார் தலைமையில் இருந்த நீதிக்கட்சி யுத்தத்தை ஆதரித்தது. அம்பேத்கர் ஹிட்லரின் வெற்றியைப் பிரிட்டிஷ் ஆட்சியைவிடப் பெரிய ஆபத்தாகப் பார்த்தார். 1942-இல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினரானார். வடாற்காட்டில் ராணுவம் என்பது வெறும் அடக்குமுறைக் கருவியாக மட்டும் இருந்ததில்லை. வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே ஊர் அழைக்கிறது. ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவன் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பென்ஷனோடு திரும்பி வந்தால் அந்த யூனிஃபார்முக்கு வேறொரு அர்த்தம் இருக்கத்தான் செய்யும். ஆக, யுத்த நிதிக்குக் கொடுத்தவன் எல்லாம் பயந்து கொடுத்தவன் என்றும் சொல்ல முடியாது, விரும்பிக் கொடுத்தவன் என்றும் சொல்ல முடியாது. என் தாத்தாவின் வார்த்தையில் கோபத்தைவிடக் கிண்டல்தான் அதிகம். கிண்டலை எந்தக் கதையாடலில் வைப்பது?

தோலும் படையும் இந்தப் பக்கத்தில் சந்தித்துக்கொள்வது இது முதல் தடவையும் இல்லை. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று புதுத் தலைப்பாகையில் வைத்த தோல் குஞ்சம். 110 வருஷம் கழித்து, 1916-இல், அதே சர்க்கார் மதராஸ் மாகாணத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோலை மொத்தமாகத் தானே வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தது. பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்கு மேல்தோல் வேண்டியிருந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் தண்ணீரும் நிறையக் கையுழைப்பும் சேர்ந்தால் அந்தத் தோல். 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று லண்டன் சந்தையில் அதற்குப் பேர். பதனிட்ட கைகளுக்கு அங்கே பேர் இல்லை, இங்கே இருந்த பேர் வசவாக இருந்தது.

இப்போது 264-க்கு வருவோம். அந்த ஸ்குவாட்ரன் ஓட்டியது போல்டன் பால் கம்பெனி வுல்வர்ஹாம்டனில் செய்த டிஃபையன்ட் என்ற விமானம். விசித்திரமான யோசனை அது. சண்டை விமானம்தான், ஆனால் முன்பக்கம் பார்த்துச் சுடத் துப்பாக்கி கிடையாது. ஓட்டுபவருக்குப் பின்னால் சுழலும் கூண்டில் ஒருவர் உட்கார்ந்து நான்கு துப்பாக்கிகளைச் சுட வேண்டும். 1940 மே 29-இல் டன்கிர்க் மேலே ஒரே நாளில் 37 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக 264 கணக்குக் கொடுத்தது. பின்னால் வந்த ஆராய்ச்சி அதை வெகுவாகக் குறைத்துவிட்டது. டிஃபையன்டின் சூட்சுமத்தை ஜெர்மன் விமானிகள் புரிந்துகொண்டு நேர் எதிரிலிருந்தும் அடியிலிருந்தும் வரத் தொடங்கினதும் கதை மாறியது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு வாரத்துக்குள் ஸ்குவாட்ரன் பலத்த இழப்போடு பகல் சண்டையிலிருந்து வெளியேறியது. டிஃபையன்ட் விமானம் பிறகு இரவு வேட்டைக்கு, அதன் பிறகு இலக்குத் துணியை இழுத்துச் செல்லும் வேலைக்கு. 79 மட்டும் 1942-இல் இந்தியாவுக்கே வந்து பிறகு பர்மாவில் சண்டை போட்டது.

ஆயிரத்துச் சொச்சம் டிஃபையன்ட்கள் செய்யப்பட்டன. இன்று முழுசாக மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. என்1671 என்பது அதன் எண். பிரிட்டிஷ் விமானப் படை அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான அதை 2009-இல் கென்ட் பகுதியில் ராச்செஸ்டர் விமானத் திடலில் இயங்கும் மெட்வே விமானப் பாதுகாப்புச் சங்கத்திடம் கொடுத்தார்கள். சங்கத்தில் வேலை செய்கிறவர்கள் தொண்டர்கள். 2012-இல் வேலையை முடித்து விமானத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்து, அதே கனத்தில் தகடு தேடி, அதே வடிவத்தில் மடித்து, பழைய ஆணித்துளைகளிலேயே புது ஆணி வைத்து... மேஸ்திரி சொன்ன கூட்டம் இதுதான்.

ஆனால் இந்த ஒரே அசல் டிஃபையன்ட் மதராஸ் ஸ்குவாட்ரனுடையதல்ல. 307 என்ற போலிஷ் ஸ்குவாட்ரனில் இருந்தது. கறுப்பு இரவுப் பூச்சில்தான் நிற்கிறது. 264-இன் குறி எழுத்துகளைப் போட்டுக்கொண்டிருப்பது இன்னொன்று. வுல்வர்ஹாம்டனில் போல்டன் பால் சங்கத்தைச் சேர்ந்தவர்கள், கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் சேர்ந்து, தங்கள் கையால் உருவாக்கிய முழு அளவு மாதிரி அது. எல்7005 என்று எண் எழுதியிருக்கிறார்கள். 264-இல் அதிக வெற்றி கண்ட தார்ன், பார்க்கர் ஜோடி ஓட்டிய விமானத்தின் எண். அசல் எண்ணில் நகல் உடம்பு. ஏரோப்ளேன் காசின் பேரைச் சுமந்த ஸ்குவாட்ரனுக்கு இன்று உடம்பாக இருப்பது ஒரு நகல் என்பதில் எனக்குக் கொஞ்சம் திருப்திகூட இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்.

அந்த ஓய்வு பெற்ற தொழிலாளிகளை நினைத்தால் எங்கள் பழைய சிரிப்பு கொஞ்சம் தடுமாறுகிறது. அவர்கள் பிரபுக்கள் அல்ல. கூலிக்குச் செய்த வேலையைக் கூலி நின்ற பிறகு தனக்காகச் செய்து பார்த்தவர்கள். தொழிற்சாலையில் இருந்தபோது ஒருவர் இறக்கையின் ஒரு ஓரத்தை மட்டும் பார்த்திருப்பார். சங்கத்தில் அவர் முழு விமானத்தையும் பார்க்கிறார். மார்க்ஸ் அந்நியமாதல் என்று சொன்னதற்கு எதிர்த்திசையில் ஒரு சின்ன நடை அது. ஆனால் அந்த நடைக்கு முன்பணம் உண்டு. பென்ஷன் வேண்டும், சனிக்கிழமை வேண்டும், தேய்ந்துபோகாத முழங்கால் வேண்டும். சுண்ணாம்பிலும் குரோமியத்திலும் முப்பது வருஷம் நின்ற கால் அறுபது வயதில் எந்தச் சங்கத்துக்கு நடந்து போகும்? தன்னார்வம் என்பது மனநிலை என்று நினைக்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு கூலி வரலாறு இருக்கிறது.

சம்பளத்துக்குச் செய்த மீட்டெடுப்பின் கதை ஒன்று நம்மிடமே இருக்கிறது. அதை யாரும் மீட்டெடுப்பு என்று சொல்வதில்லை. யுத்தம் முடிந்தபோது கான்பூரில் அமெரிக்கத் தயாரிப்பான லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் குவிந்து கிடந்தன. குத்தகை ஒப்பந்தப்படி அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையானால் அழிக்க வேண்டும். அழிக்கத்தான் செய்தார்கள்: வண்டி விட்டு இடித்தார்கள், கருவிகளை நொறுக்கினார்கள், எஞ்சினில் மண்ணைக் கொட்டினார்கள். சுதந்திரம் வந்து, காஷ்மீரில் சண்டையும் வந்து, கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லாத நிலையில் 1948-இல் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையிடம் இந்தக் குப்பையைக் காட்டினார்கள். அங்கிருந்து போன ஆட்கள் ஒன்றில் இல்லாததை இன்னொன்றிலிருந்து பிடுங்கிப் பொருத்தி, பறக்கிற அளவுக்குத் தேற்றினார்கள். கம்பெனியின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றைக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழுசாகப் பிரித்துப் பூட்டினார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட விமானங்கள் இப்படி உயிர் பெற்றதாகச் சொல்கிறார்கள். 1948 நவம்பரில் இந்திய விமானப் படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன் இவற்றை வைத்துத்தான் தொடங்கியது. கடைசி லிபரேட்டர் ஓய்வு பெற்றது 1968 டிசம்பரில்.

அழித்தவர்கள் சரியாக அழிக்கவில்லை என்றும் சொல்லலாம். குப்பையைக் கிளறிப் பிழைக்கத் தெரிந்த ஒரு நாட்டில் எதையும் முழுசாக அழிக்க முடியாது என்றும் சொல்லலாம். பெங்களூரின் தொழிற்சாலைகளில் எத்தனை தமிழ்க் கைகள் இருந்தன என்பதை வடாற்காட்டுக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் பெங்களூர்.

அடுத்து நடந்தது தோல் வியாபாரம் தெரிந்தவனுக்கு ரொம்பப் பழக்கமான கதை. உலகத்தில் லிபரேட்டர்கள் கிட்டத்தட்ட எல்லாம் உருக்கப்பட்டுவிட, இந்தியாவில் மட்டும் பறக்கிற நிலையில் மிஞ்சியிருந்தன. 1968-இல் ஒன்று கனடாவுக்குப் போனது. பதிலுக்குக் கனடா ஒரு லைசாண்டர் விமானம் கொடுத்தது. அது பாலம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1969-இல் ஒன்று அமெரிக்காவில் டூசானுக்கு. 1974-இல் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு, நம்முடைய விமானப் படையின் பரிசாக. இங்கே கிடந்த ஒன்றை ஓர் இங்கிலீஷ் சேகரிப்பாளர் வாங்கி, பிறகு அது 1984-இல் அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளைக்குப் போய், அங்கே வருஷக்கணக்கில் உழைத்து 1989-இல் பறக்கவிட்டார்கள். பிகானிர் கோட்டையின் யானைக் கொட்டடியில் கிடந்த முதல் யுத்த டி.எச்.9 விமானங்களும் இங்கிலாந்துக்குப் போயின. ஒன்று 2019-இல் மறுபடி பறந்தது. கச்சாத் தோல் போய் பூட்ஸாகத் திரும்பி வருகிற கதை இதுதானே? தோலில் அந்தக் கதையை நிறுத்துவதற்காக 1973-இல் கச்சாத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பழைய விமானத்துக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. 2018-இல் இந்திய விமானப் படைக்குப் பரசுராமா என்ற பெயரில் ஒரு டக்கோட்டா வந்து சேர்ந்தது. ராஜீவ் சந்திரசேகர் கொடுத்த பரிசு. அதைப் பழுது பார்த்ததும் பிரிட்டனில்தான். பழுது பார்க்கிற கை இங்கே இல்லாமல் போனதா? கான்பூரில் மண்ணைத் தோண்டி எஞ்சினை எடுத்த கைக்கு யாராவது பெயர்ப்பலகை வைத்திருந்தால் அந்தக் கை அடுத்த கைக்குக் கற்றுக் கொடுத்திருக்கும்.

பெயர்ப்பலகை என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த மீட்டெடுப்பு உலகத்தில் ஒரு விமானம் எது என்பதைப் பல சமயம் முடிவு செய்வது கம்பெனி பதித்த சின்னத் தகடுதான். இறக்கை புதுசு, வால் புதுசு, ஆணி எல்லாம் புதுசு. தகடு பழசாக இருந்தால் 1940-இன் விமானம். எதிர்த்தரப்பும் இருக்கிறது. நார்வேயில் ஏரிக்கடியிலிருந்து 1973-இல் எடுத்த ஹாலிஃபாக்ஸ் விமானத்தைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் எடுத்தபடியே, கிழிந்தபடியே வைத்திருக்கிறது. புதுசாக்குவது பொய் என்கிறது ஒரு கட்சி. துருப்பிடிக்க விடுவது கொலை என்கிறது மற்றது. புதுத் தோலைத் தேய்த்துப் பழசாக்கிப் பிழைத்த எனக்கு இரண்டு கட்சியையும் பார்த்து லேசான பொறாமை உண்டு. எதைக் காப்பாற்றுவது என்று சண்டை போட அவர்களிடம் ஒரு பொருள் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் அரக்கோணம் இருக்கிறது. யுத்த காலத்து ஓடுபாதை, 1992-இல் ராஜாளி என்ற கடற்படைத் தளம். அங்கிருந்து பறந்த ரஷ்ய துப்பலேவ் விமானங்கள் 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றன. நாங்கள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நின்று அண்ணாந்து பார்த்த நான்கு எஞ்சின் இரைச்சல் அதுதான். அதில் ஒன்று இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகம்.

தோல் வேலைக்கு அதுவும் இல்லை. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காகத் தீர்ப்புச் சொன்னது. சொன்னது நியாயம், ஆறு செத்துக்கொண்டிருந்தது, கிணறும் செத்தது. அதற்கு வெகு முன்னாலேயே ஆவாரம்பட்டைத் தொட்டிகளைக் குரோமிய டிரம்கள் ஒழித்துக்கட்டியிருந்தன. மிச்சமிருந்த குழிகளை மண்போட்டு மூடி மேலே காங்கிரீட் போட்டார்கள். தாத்தா நின்ற குழி இருந்த இடத்தில் இப்போது லாரி நிற்கிறது. அந்தக் குழி அழிந்ததற்காக நான் அழ மாட்டேன். சாதியும் சுண்ணாம்பும் சேர்ந்து அவர் காலைத் தின்ற இடம் அது. தொண்டர்களைச் சேர்த்து அதைத் திரும்பத் தோண்ட வேண்டுமென்று நான் கேட்டால் எங்கள் தெருவில் அடிக்க வருவார்கள், அடிப்பதும் சரிதான்.

அவருடைய கத்தி மட்டும் வீட்டுப் பரணில் இருக்கிறது. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து நடுவில் வளைந்த கத்தி. கட்டைமேல் தோலைப் போட்டு ரோமத்தையும் சதையையும் வழிப்பது. கைப்பிடி மரத்தில் விரல் பதிந்த பள்ளம் தெரிகிறது. போன வருஷம் என் மகன் அதை எடுத்து வந்து, துருவை எடுத்து எண்ணெய் போடலாமா என்று கேட்டான். "அப்படியே இருக்கட்டும்"னு சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தால் துருவை எடுத்து வைத்திருந்தான். கைப்பிடியை மட்டும் தொடவில்லை.